சிங்கராயர் அண்ணன் போட்ட கடைசிக் கொக்கி

ஜன்னல் சீட்டு வேணும்னா எடுத்துக்கோங்கம்மா, எனக்கு வேண்டாம். மேலூர் வரைக்கும் வெயில் மூஞ்சியில அடிக்கும், இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. திருச்சிதானே? நானும் திருச்சிதான். நல்லதாப் போச்சு. நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், காது வலிச்சா சொல்லிடுங்க. பொழப்பே பேச்சுதான் எனக்கு. ஒரு ஆஸ்பத்திரியில ஆம்புலன்ஸ் லைன்ல உக்காந்திருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், பெரிய இடம், நாலு ஊர்ல கிளை இருக்கு. எந்த ஊர்ல இருந்து அடிச்சாலும் மதுரையில எங்க ரூமுக்குத்தான் மணி அடிக்கும். நாலு சீட்டு, நாலு பொம்பளைங்க, காதுல ஹெட்போன். பதினோரு வருஷம் ஆச்சு.

என் பேரா? இருங்க, மெதுவாச் சொல்றேன். ஆபீஸ்ல எல்லாரையும் 'மேடம்'னு கூப்பிடச் சொல்லிட்டேன், போன மாசத்துல இருந்து. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது.

இது என்ன பேப்பர்னு பாக்குறீங்களா? இன்னைக்கு நான் மேடையில பேசணும். பொன்மலை ரயில்வே காலனி மண்டபத்துல நாலு மணிக்குப் படத்திறப்பு. எங்க நாடக அண்ணன், சிங்கராயர். காலையிலேயே முப்பதாம் நாள் பூசை முடிஞ்சிருக்கும். எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, தலைப்பு கூட அவங்களே போட்டுட்டாங்க: 'என்னை உருவாக்கிய அண்ணன்'. சரியான தலைப்புதான். நான் நன்றி கெட்டவ இல்ல. இந்தக் காது, இந்தக் குரல், இந்த வேலை, மாசம் பொறந்தா வீட்டுல அடுப்பு எரியுறது, எல்லாம் அவர் போட்டது. அதைச் சொல்லத்தான் போறேன்.

ஒர்க்‌ஷாப்ல வெல்டர் அவர். அப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சங்கு ஊதி ஷிப்டு முடிஞ்சதும் நேரா பேட்மிண்டன் ஹாலுக்கு வந்துடுவார், கண்ணெல்லாம் செவந்து போய். காலனிப் புள்ளைங்க இருபது பேர் நாங்க. வருஷத்துக்கு மூணு நாடகம். மாதா கோயில் திருவிழாவுக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணு, யூனியன் ஆண்டு விழாவுக்கு ஒண்ணு. நான் பதினாலு வயசுல போய்ச் சேர்ந்தேன். எங்கப்பா கேட் கீப்பர். எங்க வீட்டுல ரயில் போற சத்தத்துக்கு மேல பேசணும், அதனால நான் 'தண்ணி குடு'ன்னு சொன்னாலே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும். முதல் நாளே அண்ணன் என்னைப் பார்த்தார், பேசச் சொன்னார், சிரிச்சார். 'உனக்கு வேஷம் முகத்துல இல்ல, தொண்டையில இருக்கு'ன்னார். கொண்டு போய்த் திரைக்குப் பின்னாடி நிக்க வச்சார்.

குழந்தை அழணுமா, நான். நாய் குரைக்கணுமா, நான். பக்கத்து வீட்டுச் சண்டை, போன்ல பேசுற பாட்டி, ரேடியோ செய்தி, ஸ்டேஷன் அறிவிப்பு, எல்லாம் நான். மைக்கைப் புடிச்சுக்கிட்டு இருட்டுல நிப்பேன். எனக்குப் பேரே 'பின்குரல்'தான். 'ஏய் பின்குரல், இங்க வா', 'பின்குரல் சாப்ட்டாளா பாரு'. அண்ணன் ஒரு நாள் கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நோட்டீஸ்லயும் அப்படித்தான் போடுவாங்க: 'பின்குரல் - குழுவினர்'. ஆறு வருஷம். ஆறு வருஷத்துல பதினேழு நாடகம். ஒரு தடவை கூட என்னை வெளிச்சத்துக்குக் கொண்டு வரலை. எங்கம்மா ஒவ்வொரு நாடகத்துக்கும் முதல் வரிசையில வந்து உக்காந்துக்கிட்டு, 'இப்ப வருவா, இப்ப வருவா'ன்னு பக்கத்துல சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம்.

சே, நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கல. சும்மா சொன்னேன். சின்ன வயசுல அப்படித் தோணும்ல? அவ்வளவுதான்.

அங்க நின்னதாலதானே எனக்குக் காது வந்துச்சு. அண்ணன் சொல்வார், 'வசனத்தைக் கேக்காதே, வசனத்துக்கு முன்னாடி வர்ற மூச்சைக் கேளு. நடிக்கிறவன் மூச்சை முதல்லயே இழுத்து வச்சுக்குவான். நிஜமா வலிக்கிறவனுக்கு மூச்சு வார்த்தைக்கு நடுவுல உடையும்.' அதை வச்சுத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் சாப்பிடுறேன். எங்க லைனுக்கு விளையாட்டுக்கு எத்தனை பேர் அடிப்பாங்க தெரியுமா? காலேஜ் பசங்க, குடிகாரங்க, பொண்டாட்டியைப் பயமுறுத்தணும்னு 'நான் விஷம் குடிச்சுட்டேன்'னு சொல்றவன். நான் அஞ்சு செகண்டுல சொல்லிடுவேன், இது பொய், இது நிஜம். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். சூப்பர்வைசரே சொல்வார், 'இந்தம்மா காதுக்கு மெஷின் தோத்துடும்'னு. ஒரு தடவை கூடத் தப்பினதில்ல.

ஒரு தடவை கூட இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் வர்றேன்.

இந்தா, கண்டக்டர் வர்றாரு, ரெண்டு திருச்சி... பரவாயில்லம்மா, நான் எடுத்துட்டேன், விடுங்க. உன்னை 'நீ'ன்னு சொல்லலாமா? தங்கச்சி வயசுதான் இருக்கும் உனக்கு. இருபத்தஞ்சா? துணிக்கடையில பில் போடுறியா? நல்லது, நின்னுக்கிட்டே வேலை, கால் வீங்குமே.

எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. கொக்கி போடுறதுன்னு பேரு. குழுவை விட்டுப் படிக்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் அண்ணன் விட மாட்டார். திடீர்னு போன் வரும். வேற குரல், வேற ஆளு. பேங்க் மேனேஜர், ரேஷன் கடைக்காரர், கல்யாணத் தரகர், யாராவது ஒருத்தரா வருவார். நாம புரிஞ்சுக்கிட்டு, நாமும் ஒரு வேஷத்தைப் புடிச்சுப் பதில் பேசணும். அப்படியே ஓட்டணும். யாரு முதல்ல வேஷத்தைக் கலைச்சு எதிராளியோட நிஜப் பேரைச் சொல்றாங்களோ, இல்ல 'அண்ணே'ன்னு கூப்பிட்டுடுறாங்களோ, அவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க ஆள்காட்டி விரலை மடக்கி, இப்படி, கொக்கி மாதிரி காட்டணும். போன்ல காட்ட முடியாதுல்ல, அதனால 'கொக்கி!'ன்னு கத்தணும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல தரகரா பேசினார். 'பொண்ணு வெயில்ல நின்னா கருத்துடுமா'ன்னு கேக்கிறார். நான் எங்கம்மா மாதிரி, 'உங்க மாப்பிள்ளைக்குத் தலையில முடி இருக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல'ன்னேன். கால் மணி நேரம் ஓடுச்சு. கடைசியில எனக்குச் சிரிப்பு வந்து, 'போங்கண்ணே'ன்னுட்டேன். 'கொக்கி!' அவ்வளவுதான். பதினாலு வருஷம்மா. பதினாலு வருஷத்துல அவரை ஒரு தடவை கூட நான் ஜெயிச்சதில்ல. குழுவுல இருக்கிற மத்தவங்க எல்லாம் ஒண்ணு ரெண்டாவது ஜெயிச்சிருக்காங்க. நான் இல்ல.

ஒரு தடவை ஆபீஸ் லைனுக்கே கொக்கி போட்டுட்டார். நான்தான் அந்த நம்பரை அவர் போன்ல முதல் நம்பரா ஏத்திக் குடுத்திருந்தேன், 'எதுவானாலும் இங்க அடிங்கண்ணே, நான் இருப்பேன்'னு. என் நேரத்துக்கு மணி பக்கத்துல உக்கார்ற பர்வீன் சீட்டுக்குப் போயிடுச்சு. இவர் விவசாயியா மாறி, 'அம்மா, மாட்டுக்குப் பிரசவ வலி, ஆம்புலன்ஸ் அனுப்புங்க'ங்கிறார். அவ பயந்து போய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுட்டா. எனக்கு மண்டகப்படி. நான் அன்னைக்கு அண்ணனுக்குப் போன் பண்ணி, எனக்கு வந்த கோபத்துல, 'இது உயிர் போற லைனுண்ணே, உங்க பேட்மிண்டன் ஹாலு இல்ல'ன்னுட்டேன். அவர், 'தப்புதான் பின்குரல். இனிமே அந்த நம்பருக்கு வேஷம் கட்ட மாட்டேன்'னார். வாக்குக் குடுத்தா மீறாத மனுஷன். ஒரு வருஷம் அந்த நம்பருக்கு அடிக்கவே இல்ல.

வெளிய என்ன கத்துறார் கண்டக்டர்? 'வண்டி அஞ்சு நிமிஷம் நிக்கும்'னா? துவரங்குறிச்சி வந்துடுச்சா. இல்ல, ஒண்ணுமில்ல. அந்த வார்த்தையைக் கேட்டா இப்பல்லாம் தூக்கிவாரிப் போடுது. பஸ் ஸ்டாண்டு முழுக்க அந்த வார்த்தைதான், என்ன பண்ணச் சொல்றே. நீ இறங்கி டீ குடிக்கிறதுன்னா குடிச்சுட்டு வா. வேண்டாமா? சரி, உக்காரு.

அது ஒரு செவ்வாக்கிழமை. காலையில பதினொன்னேகால். ரெஜினா அண்ணி, அண்ணனோட சம்சாரம், காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாங்க. அவருக்குக் காய்ச்சல்னு லீவு போட்டு வீட்டுல இருந்திருக்கார். என் சீட்டுல மணி அடிச்சுது. 'வணக்கம், அவசர உதவி, சொல்லுங்க'ன்னேன். எங்களுக்கு ஒரே சட்டம்தான்: யாரா இருந்தாலும் முதல்ல இடத்தைக் கேளு, அப்புறம் மீதி. அதை நான்தான் பாடம் எடுக்கிறேன்.

'வண்... டி...'ன்னு ஒரு குரல்.

நாக்கு தடிச்சுப் போய்க் குழறுது. ஆனா எனக்கு ஒரு செகண்டு கூட ஆகலை, அண்ணன்னு புடிச்சுட்டேன். யாருக்கு வரும் அந்தக் காது? அவர் எங்க பொங்கல் நாடகத்துல குடிகாரன் வேஷம் போடுவார், பொன்னையான்னு பேரு அந்தப் பாத்திரத்துக்கு. அச்சு அசல் அதே குழறல். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு வருஷம் கழிச்சு மனுஷன் கோபம் தீர்ந்து வந்துட்டார்னு. நான் உடனே போலீஸ்காரனா மாறிட்டேன். 'யோவ் பொன்னையா, காலங்காத்தாலேயே ஊத்திட்டியா?'

'வண்டி... அனு...'

'வண்டிதானே? ஸ்டேஷன் ஜீப்பு வரும்யா, ஏறிக்க.'

பக்கத்துல பர்வீன் சிரிச்சா. நானும் சிரிக்கிறேன். அவர் ஏதோ இழுக்கிறார், வார்த்தை வரலை. நான் விடுவேனா, லத்தி, லாக்கப்புன்னு ஏத்திக்கிட்டே போறேன். அப்புறம் அவர் சொன்னார், ஒவ்வொரு எழுத்தா, மலை ஏறுற மாதிரி: 'தம... யந்தி...'

அதுதான் என் பேரு. தமயந்தி.

நிஜப் பேரைச் சொன்னா தோத்தாச்சு இல்லையா? நான் கத்தினேன்மா. ஹெட்போனோட எந்திரிச்சு நின்னு கத்தினேன். 'கொக்கி! தோத்துட்டீங்கண்ணே! பேரைச் சொல்லிட்டீங்க! கொக்கி!'

போன் தரையில விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ஒரு பாத்திரம் உருண்டு போய் நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல.

மொத்தம் ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு. அதுல நான் பேசினது ஒண்ணே முக்கால் நிமிஷம். அப்புறம் வண்டி அனுப்பிட்டேன், வீட்டு அட்ரஸ் எனக்கு மனப்பாடம், கதவு நம்பர் உட்பட. வண்டி பதினாலு நிமிஷத்துல போயிடுச்சு. அனுப்பின நேரத்துல இருந்துதான் கணக்கு எங்களுக்கு. மேலிடத்துல ரிக்கார்டிங்கை எடுத்துக் கேட்டாங்க, பேப்பரைப் பார்த்தாங்க, 'குறிச்ச நேரத்துக்குள்ள வண்டி போயிருக்கு, குறை இல்லை'ன்னு எழுதி மூடிட்டாங்க. ஆபீஸே தப்பில்லைன்னு சொல்லிடுச்சு. டாக்டரும் சொன்னார், மூளையில பெரிய அடைப்பு, முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னு. ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னா, பொழைச்சிருக்கலாம்னும் அர்த்தமாகும்ல? நான் அதைக் கேக்கலை.

ஒன்பது நாள் கிடந்தார். பேச்சு இல்ல. மூணாம் நாள் நான் போனேன். கண்ணைத் திறந்து என்னையே பாக்கிறார். அப்புறம் படுக்கைக்கு மேல இருந்த வலது கை விரல் மடங்குச்சு. ஆள்காட்டி விரல். கொக்கி மாதிரி. அண்ணி கையைத் தட்டிக்கிட்டு, 'பாரு, உன்னைப் பார்த்ததும் அடையாளம் காட்டுறார்'னு அழுதாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. நீ ஜெயிச்சேன்னு எனக்குக் காட்டுறாரா, இல்ல 'என்ன பண்ணிட்டே பாரு'ங்கிறாரா? வெளிய வந்து நர்ஸைக் கேட்டேன். 'பக்கவாதத்துல விரல் தானா மடங்கும்மா, எல்லாருக்கும் அப்படித்தான்'னா. தானா மடங்கினதுதான்னு நினைச்சுக்கிட்டு ஊருக்கு வந்தேன். ஆனா இப்பவும் தோசை திருப்புற கரண்டியைப் புடிக்கிறப்ப என் விரலைப் பார்த்தாலே பயமா இருக்கு.

அதுல இருந்து எனக்கு வேலை ஓடலை தெரியுமா. எந்தக் குரல் வந்தாலும் அதுக்குப் பின்னாடி அவர் இழுக்கிறது கேக்குது, 'வண்...'னு பாதியில நிக்குது. போன வாரம் ஸ்கூல் பசங்க ரெண்டு பேர் விளையாட்டுக்கு அடிச்சானுங்க, பின்னாடி இன்னொருத்தன் சிரிக்கிறதே கேக்குது, நான் வண்டி அனுப்பிட்டேன். இந்த மாசத்துல மூணு வண்டி வெத்தா போய்த் திரும்பி வந்துச்சு. சூப்பர்வைசர், 'மேடம், உங்க காதுக்கு என்ன ஆச்சு'ங்கிறார். காதுக்கு ஒண்ணும் ஆகலை. அதான் பிரச்சினையே.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். விராலிமலை வர்றதுக்குள்ள சொல்லிடணும்.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் அண்ணி எனக்குப் போன் பண்ணினாங்க. 'தமயந்தி, அவர் போன்ல கடைசியாப் போன கால் உங்க ஆபீஸுக்குத்தான். ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு பேசியிருக்கார். நீ அங்கதானே இருக்கே, யார் எடுத்தாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. என்ன பேசினார்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கலை'ன்னாங்க. நான் என்ன சொல்றது? நீயே சொல்லு. அந்த அம்மா அழுதுக்கிட்டிருக்கு. நான் சொன்னேன், 'புதுசா வந்த ஒரு பொண்ணு எடுத்தா அண்ணி. ரொம்பப் பொறுமையாப் பேசினா. வண்டி வருது, தைரியமா இருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அவர் கடைசியா உங்க பேரைத்தான் சொன்னாராம். ரெஜினா, ரெஜினான்னு ரெண்டு தடவை.'

அவங்களுக்கு நல்லதுக்குத்தானே சொன்னேன்? அந்த அம்மா அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு, ஆனா அது வேற அழுகை. 'என் பேரைச் சொன்னாரா, என் பேரைச் சொன்னாரா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. முப்பதாம் நாள் கார்டுல அச்சடிச்சே போட்டுட்டாங்க. இதோ பாரு. படத்துக்குக் கீழ. 'கடைசி மூச்சிலும் ரெஜினா என்றழைத்தவர்'.

நேத்து மறுபடி போன். 'அந்தப் பொண்ணை எப்படியாவது கூட்டிட்டு வந்துடு தமயந்தி. மேடையில ஏத்தி ஒரு சால்வை போடணும். என் புருஷன் தனியாச் சாகலை, பக்கத்துல ஒரு குரல் இருந்துச்சு, அந்தக் குரலை நான் பாக்கணும்'னாங்க. நான் சரின்னுட்டேன். வாய்ல வந்துடுச்சு. பர்வீனைக் கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டா. அவதான் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டவளாச்சே. மாட்டுத்தாவணியில பஸ் ஏறுற வரைக்கும் யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு தெரியாம நின்னேன். அப்புறம் நீ வந்து பக்கத்துல உக்காந்தே.

ஏன் அப்படிப் பாக்கிறே? அரை மணி நேரம்மா. வந்து நிக்கணும், சால்வை வாங்கிக்கணும், அவ்வளவுதான். நானே திரும்பக் கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன். உன்னை யாருக்கும் தெரியாது, உனக்கும் யாரையும் தெரியாது. ஒரு பொம்பளைக்கு நிம்மதி கிடைக்கும். எனக்கும்தான். மறைக்க என்ன இருக்கு, எனக்கும்தான்.

சரி, வர்றதும் வராததும் அப்புறம். ஒரே ஒரு தடவை சொல்லிப் பாத்துடுவோம். அண்ணி கேப்பாங்க, என்ன பேசினார், நீ என்ன பேசினேன்னு. தடுமாறக் கூடாது. நான் அண்ணன். நீ போன் எடுக்கிற பொண்ணு. யாரும் கவனிக்க மாட்டாங்க, முன் சீட்டுல பெரியவர் தூங்குறார். 'வணக்கம், அவசர உதவி, சொல்லுங்க'ன்னு நீ ஆரம்பிக்கணும். அப்புறம் 'தைரியமா இருங்க ஐயா'ன்னு சொல்லணும். ம், ஆரம்பி.

நல்லா இருக்கு. இப்ப நான். இரு, தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன்.

'வண்... டி...'

என்ன?

இல்ல, வசனம் அது இல்ல. 'தைரியமா இருங்க'ன்னு வரணும் அங்க. நீ என்னமோ கேட்டியே. மறுபடி சொல்லு.

'எங்க இருக்கீங்க?'ன்னா கேட்டே?

யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு? நான் சட்டத்தைச் சொன்னதாலயா? இல்லையா? தானா வந்துச்சா? ஒரு ஆளு இப்படி இழுத்தா எங்க இருக்கேன்னுதானே கேப்பாங்கங்கிறே. நீ நாடகம் எதுவும் நடிச்சதில்லையா, ஸ்கூல்ல கூட? துணிக்கடையில பில்லு போடுறவ. மூச்சும் தெரியாது, கொக்கியும் தெரியாது. ஒரு தடவை குரலைக் கேட்டே, உடனே கேட்டுட்டே.

இரு. கொஞ்சம் இரு. தண்ணி வேண்டாம்.

நான் உன்கிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். குடிகாரன் பொன்னையா மாதிரியே இருந்துச்சுன்னு சொன்னேன்ல? அப்படி இல்ல. பொன்னையாவா அவர் பேசுறப்ப மூச்சை முதல்ல இழுத்து வச்சுக்குவார், நான் திரைக்குப் பின்னாடி நின்னு பதினேழு நாடகத்துலயும் அவர் மூச்சைக் கேட்டவ. அன்னைக்கு அது வார்த்தைக்கு நடுவுல உடைஞ்சுச்சு. 'வண்'ணுக்கும் 'டி'க்கும் நடுவுல. முதல் வார்த்தையிலயே. எனக்குக் கேட்டுச்சும்மா. இந்த நம்பருக்கு வேஷம் கட்ட மாட்டேன்னு அவர் குடுத்த வாக்கும் ஞாபகம் இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா பதினாலு வருஷத்துல முதல் தடவையா அவர் தடுமாறுறார், நான் தடுமாறலை. இன்னும் ஒரு வரி தள்ளினா ஜெயிச்சுடுவேன்னு இருந்துச்சு. ஒரே ஒரு வரி. அதுக்கப்புறம் கேட்டுக்கலாம்னு. அப்புறம் அவர் என் பேரைச் சொன்னார். ஆறு வருஷம் நோட்டீஸ்ல போடாத பேரை, ஒரு நாளும் கூப்பிடாத பேரைச் சொன்னார். வேஷம் கட்டுறவரா அந்தப் பேரைச் சொல்வார்? பின்குரல்னுல்ல சொல்லியிருப்பார்! அது கூடத் தெரியாதவளா நான்? தெரிஞ்சும் கத்தினேன்.

அந்தப் பேரையும் புடுங்கி அண்ணிக்குக் குடுத்துட்டேன், பெரிய தர்மவதி மாதிரி. அவர் கடைசியா நம்பிக் கூப்பிட்டது என்னைம்மா.

அழாதே, நீ ஏன் அழறே. நீ சரியாத்தானே கேட்டே.

அடக் கடவுளே, போன். அண்ணிதான். நிக்காம அடிக்கிறாங்க. இல்ல, வேண்டாம், நீ பேச வேண்டாம். நீ எங்கயும் வர வேண்டாம்மா, உன் வீட்டுக்குப் போ. இந்தப் பேப்பரை மட்டும் கொஞ்சம் புடி.

அலோ. சொல்லுங்கண்ணி. ஆமா, விராலிமலை தாண்டியாச்சு. இல்லண்ணி, பஸ்ல தூசி, அதான் குரல் அப்படி இருக்கு. இல்ல, அந்தப் பொண்ணு வரலை. அப்படி ஒரு பொண்ணு இல்லண்ணி. சால்வையை விடுங்கண்ணி, அதைக் கீழ வைங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா? சரி, அவங்களை உக்காரச் சொல்லுங்க, நீங்களும் உக்காருங்க. அண்ணி, அன்னைக்குப் போனை எடுத்தது நான்தான். நான்தான் எடுத்தேன். அவர் உங்க பேரைச் சொல்லலை. என்னைக் கூப்பிட்டார். அவர் வண்டி கேட்டார் அண்ணி, ரெண்டு தடவை கேட்டார், நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன்.

அண்ணி?

அண்ணி, லைன்ல இருக்கீங்களா?